ஹாரன் அடிக்காத ஏரிக்கரை

கையெழுத்துப் போடத்தான் போனேன். ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஆசையும் இல்லை, உறவுகளைக் கட்டிக்கொண்டு அழும் ஆசையும் இல்லை. "உன் பேர்ல இருக்கிற ஆறு மாவையும் சேர்த்துக் குடுத்துடலாம்னு இருக்கேன் ராணி. வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு" என்று அண்ணன் போனில் சொன்னார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். எனக்கு ஜனவரியில் லீவு. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்பதால் பஸ் டிரைவர்களை அப்போதுதான் விடுவார்கள்.

அந்த நிலம் என் பேருக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் மேல் பாசத்தில் அப்பா மஞ்சள்காணிச் சீதனமாக எழுதிவைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பாசமாவது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, அளவுக்கு மேல் இருந்ததை மறைக்க அம்மா பேரில் கொஞ்சம், தாத்தா பேரில் கொஞ்சம், பால் குடித்துக்கொண்டிருந்த என் பேரில் கொஞ்சம் எழுதினார். மாட்டின் பேருக்குப் பட்டா கொடுப்பார்கள் என்றால் மாட்டின் பேரிலும் எழுதியிருப்பார்.

நான் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரத்துக்கு வெளியே பஸ் ஓட்டுகிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு யூகலிப்டஸ் காடு இருந்தது; நம் ஊரில் தைலமரம் என்பார்கள். அதில் கோலாக்கள் இருந்தன. சாம்பல் நிறம், பஞ்சு வைத்த காது, வயிற்றில் குட்டிக்குப் பை. அந்த மரத்தின் இலையைத் தவிர வேறு எதையும் அது தின்னாது. அழிந்துகொண்டிருக்கும் இனம் என்று அரசாங்கமே பட்டியலில் போட்டிருக்கிறது. அது இருக்கிற மரத்தை லேசில் வெட்ட முடியாது.

வீடு கட்டி விற்கும் கம்பெனி ஒன்று அந்தக் காட்டை வாங்கியது. என்ன செய்தார்கள் தெரியுமா? கூலி கொடுத்து ஒரு நிபுணரை அழைத்து வந்தார்கள். அவர் உச்சி வெயிலில், ஒரே ஒரு நாள், வேலி ஓரமாக நடந்துவிட்டுப் போனார். கோலா பகலெல்லாம் தூங்கும். உயரக் கிளையில் முடிச்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். "கோலாக்கள் காணப்படவில்லை" என்று அந்த மனிதர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் பாதிக் காடு இல்லை. கம்பெனி அங்கே பெரிய போர்டு வைத்தது. குடியிருப்பின் பெயர் "கோலா வனம்". போர்டில் கோலா படம்.

ஒருநாள் விடியற்காலை முதல் டிரிப் போகிறேன். சாலை நடுவில் ஒரு கோலா உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் மரம் இல்லை, அந்தப் பக்கமும் மரம் இல்லை. எங்கே போவது என்று அதற்குத் தெரியவில்லை. பஸ்ஸை நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் இருந்து ஒருவர், "எனக்கு வேலைக்கு நேரமாகிறது" என்று கத்தினார். "நீங்களே இறங்கி அதுகிட்டே சொல்லுங்க" என்றேன். யாரும் இறங்கவில்லை. அது எழுந்து, நாலு காலால் அசைந்து அசைந்து, வெட்டிப்போட்ட மரங்களின் பக்கமே திரும்பிப் போயிற்று. வீடு அங்கேதான் என்று நினைத்திருக்கும்.

அன்று சாயங்காலம்தான் பக்கத்து வீட்டு மார்கரெட்டோடு சேர்ந்தேன். எழுபது வயதுக்காரி, ஓய்வுபெற்ற நர்ஸ். மீதிக் காட்டில் மரத்தடி மரத்தடியாகக் கோலாப் புழுக்கைகளைப் பொறுக்கி, டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டுபோய் நகரசபைக் கூட்டத்தில் மேஜை மேல் கவிழ்த்தாள். "காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இது யாருடையது, உங்களுடையதா?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் வாசகம் எழுதிய அட்டை பிடித்துக்கொண்டு நின்றேன். மீதிப் பாதிக்கு மறுபடி கணக்கெடுக்க உத்தரவாயிற்று. அவ்வளவுதான் கிடைத்தது.

நான் ஊருக்குக் கிளம்பும்போது மார்கரெட் கேட்டாள்: "உன் ஊரில் எதற்காக அட்டை பிடிக்கப் போகிறாய்?"

"எதற்காகவும் இல்லை. நிலம் விற்கப் போகிறேன்" என்றேன். அவள் உள்ளே போய், கட்டைவிரல் அளவு கோலா பொம்மைகள் நிறைந்த பை ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

திருச்சியில் இறங்கித் தஞ்சாவூருக்குப் பஸ் பிடித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வயலுக்கு நடுவே வரிசையாகக் கல். மஞ்சள் பெயின்ட் அடித்த கல், வெள்ளை பெயின்ட் அடித்த கல், மேலே கலர் கொடி. ஒரு நகர், ஒரு கார்டன், ஒரு அவென்யூ. நெல் விளைந்த மண்ணில் கருங்கல் நாற்று. பக்கத்து சீட் அம்மாளிடம், "இதுலல்லாம் யாரு வீடு கட்டுறாங்க?" என்று கேட்டேன். "யாரு கட்டுறா? வாங்கிப் போட்டு வச்சிருக்காங்க" என்றார். வீடும் இல்லை, நெல்லும் இல்லை. கல்தான்.

மன்னார்குடி தாண்டியதும் டவுன் பஸ் பஞ்சர். ஸ்டெப்னி இல்லை. எங்கள் டெப்போவில் சக்கரத்தைச் சோதிக்காமல் ஒரு வண்டி வெளியே வந்தால் மேனேஜரை உரித்துவிடுவார்கள். நான் இறங்கிப் பின்சக்கரத்தைப் பார்த்து, "நட்டு ரெண்டு லூஸா இருக்கே, இத யாரு பாத்தது?" என்று கேட்டேன். கண்டக்டர் எரிச்சலோடு, "நீங்க என்னம்மா, மெக்கானிக்கா?" என்றார்.

"டிரைவர்."

"கார் டிரைவரா?"

"பஸ் டிரைவர்."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, ஐம்பத்தைந்து வயது இருக்கும். "அப்ப வாங்க, மீதி தூரத்த நீங்க ஓட்டுங்க, நான் ஜன்னலோரம் உக்காந்து வர்றேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வேறு வண்டி ஸ்டெப்னி கொண்டுவந்தது.

எங்கள் ஊர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் மனை வியாபாரிக்கு இலவச விளம்பரம். மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி. ஊருக்கு முன்னால் ஒரு ஏரி. ஏரிக்குள் கருவேல மரங்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். பங்குனிவரை இருக்கும். வயலில் நத்தையைப் பொறுக்கும், எச்சத்தால் ஏரித் தண்ணீரை உரமாக்கும். பதிலுக்கு ஊர் ஒரே ஒரு காரியம் செய்யும்: சத்தம் போடாது. தீபாவளிக்கு வெடி இல்லை. கல்யாணத்துக்கு வேட்டு இல்லை. சாவுக்கும் இல்லை. யாரும் சட்டம் போடவில்லை.

பஸ் ஏரிக்கரையில் ஏறியதும் அந்த டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். எதிரே வந்த டிராக்டருக்கு லைட்டை மட்டும் போட்டுக் காட்டினார். அதுவரை நாய்க்கும் ஆட்டுக்கும் காது கிழிய அடித்துக்கொண்டு வந்த மனிதர். நான் முன்னால் போய், "இன்னும் அடிக்கிறதில்லையா?" என்று கேட்டேன். "முட்டை வச்சிருக்கும்மா" என்றார், பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டைச் சொல்வதுபோல.

வீட்டில் அண்ணி கொடுவாமீன் குழம்பு வைத்திருந்தார். முத்துப்பேட்டையிலிருந்து காலையில் வந்த மீன். பிரிஸ்பேனில் அதே மீன் கிடைக்கும். முள்ளை எடுத்து, உப்பும் உறைப்பும் இல்லாமல், ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரித் தட்டில் வைப்பார்கள். நான் மூன்று முறை சோறு வாங்கினேன். அண்ணன் கலியமூர்த்தி எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் ஒரு பட்டுப்புடவை, தாம்பாளத்தில். பத்திரம் பதியும் அன்றைக்குக் கட்டிக்கொள்ள.

"அங்க என்னமோ கரடிக்குப் போராட்டம் பண்றியாமே?" என்றார் அண்ணன்.

"கரடி இல்லண்ணே. கோலா. தைலமரத்துல இருக்கும்."

"தைலமரத்தையா காப்பாத்துறீங்க? இங்க அத வெட்டச் சொல்லில்ல போராட்டம் பண்ணிக்கிட்டிருக்கோம்!"

அண்ணி சிரித்துக் குழம்பை என் கையில் கொட்டிவிட்டார். நானும் சிரித்தேன். அதுதான் நான் அந்த வீட்டில் சிரித்த கடைசிச் சிரிப்பு.

மறுநாள் நிலத்தைப் பார்க்கப் போனேன். என் ஆறு மா ஏரிக்கும் ரோட்டுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் அண்ணனுடைய பன்னிரண்டு ஏக்கர். அண்ணன் நிலம் மூன்று வருடமாகத் தரிசு, இடுப்புயரப் புல். என் நிலத்தில் சம்பா கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. இரண்டுக்கும் அதே வாய்க்கால்தான்.

என் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர் முருகையன். அப்பா காலத்திலிருந்து செய்கிறார். அறுபது வயது. வரப்பில் நின்று என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்தார்.

"துண்ட எதுக்கு எடுக்கிறீங்க முருகையண்ணே? வெயில்ல கட்டுங்க" என்றேன்.

"விக்கப்போறீங்களாமே அம்மா?" என்றார்.

"அண்ணன் நிலம் ஏன் காஞ்சு கெடக்குது?" என்று நான் வேறு கேள்வி கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாய்க்கால் தலைப்புக்குக் கூட்டிப்போனார். அண்ணன் வயலுக்குத் திரும்பும் மடையில் சிமென்ட் மூட்டை அடுக்கி அடைத்திருந்தது. "மூணு வருஷம் தரிசுன்னு அடங்கல்ல ஏறிட்டா, இது வெளையாத பூமின்னு காட்டி மனைக்கு அனுமதி வாங்கிடலாமாம். அதான் தண்ணி வரக் கூடாதுன்னு கட்டிட்டாங்க" என்றார். அடங்கல் என்பது எந்த வயலில் என்ன பயிர் என்று கிராம அலுவலர் எழுதும் கணக்கு.

எனக்கு வேலி ஓரம் நடந்த அந்த நிபுணர்தான் நினைவுக்கு வந்தார். முதலில் காலி செய்வது. பிறகு காலியாக இருக்கிறது என்று எழுதுவது. கடல் தாண்டி வந்தாலும் அயோக்கியத்தனத்துக்கு ஒரே முறைதான்போல.

அப்போதும் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஏரிக்கரையில் நின்று நாரைகளைப் பார்த்தேன். கருவேல மரமே தெரியாத அளவுக்குக் கூடு. குஞ்சுகளின் கத்தல். தாய்ப்பறவை இறக்கையை விரித்து வெயிலுக்கு மறைப்புக் கொடுத்துக்கொண்டு நின்றது. போட்டோ எடுத்து மார்கரெட்டுக்கு அனுப்பினேன். "இதுதான் நீ விற்கப்போகும் இடமா?" என்று பதில் வந்தது. போனை அணைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அண்ணன், "ஒரு சின்னப் பூஜை, வந்து நில்லு போதும்" என்று ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார். மனை வியாபாரி குணசேகரன் அங்கே இருந்தார். கரைவேட்டி, காரில் கட்சிக்கொடி. ஆட்சி மாறினால் காரின் கொடி மாறும், அவர் வேட்டியின் கரை மாறும், அவர் மாறமாட்டார் என்று அண்ணியே என்னிடம் சொல்லியிருந்தார். சாமியானா, பூசணிக்காய், பெரிய பிளக்ஸ். "நாரை கார்டன்" என்று போட்டிருந்தது. நாரை படம். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"வாங்க சிஸ்டர்! ஃபாரின்லேர்ந்து நம்ம ப்ராஜெக்டுக்காகவே வந்திருக்கீங்க" என்று ஆளுயர மாலையைக் கழுத்தில் போட்டார். போட்டோகிராபர், "மேடம், ஏரி தெரியிற மாதிரித் திரும்புங்க" என்றார். திரும்பினேன். மாலையோடு, மடச்சி மாதிரி, ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

அப்போதுதான் வெடித்தது.

பத்தாயிரம் வாலா. கரை நீளத்துக்கு விரித்து வைத்திருந்தார்கள். சாமியானா மறைத்திருந்ததால் நான் பார்க்கவில்லை. ஏரி முழுதும் ஒரே வெள்ளையாக எழும்பியது. அத்தனை பறவையும் ஒரே நேரத்தில். வானம் மறைந்து நிழல் விழுந்தது. இறக்கைச் சத்தம் வெடிச் சத்தத்தையே அமுக்கியது. கூடுகள் சாய்ந்தன. முட்டை தண்ணீரில் விழுந்தது. இறக்கை முளைக்காத குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அந்தச் சரம் முடிய எத்தனை நிமிடம் ஆனதோ. முடிந்ததும் இன்னொன்று கொளுத்தினார்கள்.

ஊர்ச்சனம் ஓடிவந்தது. "தீபாவளிக்கே வெடிக்காத ஊருடா! எவன்டா கொளுத்துனது?" என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். கொளுத்தியவர்கள் வெளியூர் ஆட்கள். வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அங்கே மாலையோடு நின்றது நான்தான். ஒரு கிழவி என் முன்னால் வந்து, காறித் துப்பினாள். "நல்லாருடியம்மா" என்றாள். முருகையனின் மனைவி ராசாத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கி, செத்த குஞ்சுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாலையைப் பிய்த்துக் குணசேகரன் மேல் எறிந்தேன். "ஏன்யா வெடிச்ச? ஏன்யா?" என்று கத்தினேன். "பூஜைன்னா நாலு வெடி வெடிக்கத்தான் சிஸ்டர் செய்வாங்க. சந்தோஷத்துக்கு" என்று நாமம் போடாத சாமியார் மாதிரிச் சிரித்தார்.

என்ன சந்தோஷம் என்பது மறுநாள் தெரிந்தது. ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். உச்சி வெயில். ஏரியில் பறவை தங்குகிறதா என்று பார்த்து எழுதவேண்டுமாம்; தங்கினால் கரையில் மனைக்கு அனுமதி கிடையாதாம். வருகிற நாள் குணசேகரனுக்கு முன்பே தெரியும். ஜீப்பைவிட்டு இறங்காமலே ஒருவர், "பறவை ஒண்ணும் இல்லியே" என்றார். மற்றவர் எழுதிக்கொண்டார்.

நான் ஜீப்பின் குறுக்கே போய் நின்றேன். "நேத்து வெடிபோட்டு வெரட்டுனாங்க. கூடு இருக்குது, பாருங்க. குஞ்சு செத்துக் கெடக்குது, எறங்கிப் பாருங்க" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"இந்த நெலத்துக்காரி."

"நீங்கதான் விக்கிறீங்கன்னு ஃபைல்ல இருக்கே?"

நான் ஜீப்பின் முன்னாலிருந்து விலகினேன். ஜீப் போய்விட்டது. என்னை இதுவரை யாரும் அப்படிச் செருப்பால் அடித்ததில்லை, ஒரே ஒரு கேள்வியால்.

அன்று சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. "உனக்குத் தெரியுமாண்ணே? வெடி போடப்போறது?" என்று நேராகக் கேட்டேன்.

"தெரியும்."

"இந்த ஊர்ல பொறந்தவன்தானே நீ?" ஒருமையில்தான் கேட்டேன். 'அண்ணே' என்று வாயில் வரவில்லை.

"பொறந்ததாலதான்டி கேக்கிறேன். கடமடையில நெலம் வச்சிருக்கிறவன் கதை உனக்குத் தெரியுமா? மேல இருக்கிறவன் குடிச்சது போக, பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி ஒரு சொட்டு வரும். ஒரு வருஷம் காஞ்சு போவும், ஒரு வருஷம் முங்கிப் போவும். எம்மவன் படிச்சிட்டுத் திருப்பூர்ல சுமை தூக்குறான். நீ அங்கேர்ந்து வந்து நாரைக்கு அழுவுற. சரி, நீ குடியிருக்கிறியே ஒரு வீடு, அது எந்தக் காட்ட வெட்டிக் கட்டுனது? உன் கரடி அங்க இல்லாமலா இருந்துச்சு?"

என் வீடு இருக்கும் தெருவின் பெயர் ஒரு மரத்தின் பெயர். அந்த மரம் அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை. நான் அதை ஒருநாளும் யோசித்ததில்லை. அண்ணன் சொன்னது உண்மை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால், நான் ஒரு தப்பான வீட்டில் குடியிருக்கிறேன் என்பதற்காக இன்னொரு தப்புக்கும் கையெழுத்துப் போடவேண்டும் என்று எந்தக் கோர்ட்டில் எழுதியிருக்கிறது?

"நான் விக்கல" என்றேன்.

"நீ விக்காட்டி? பத்து நாள்ல பிளேன் ஏறிடுவ. அப்புறம் இந்த நெலத்த யாரு பாக்கிறது? இன்னிக்கி இல்லாட்டி அடுத்த வருஷம் வந்து போடுவ கையெழுத்து. நீ இல்லாட்டி உம்மவ போடுவா" என்றார் அண்ணன். அது மெய். என் மகள் ஊர்ப்பக்கமே வரமாட்டாள். போனில் விலை கேட்டு, அங்கிருந்தே விற்றுவிடுவாள்.

படுத்தேன், தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பா வாழ்நாளெல்லாம் எதற்குப் பயந்தார் என்று யோசித்தேன். கள்ளனுக்கு இல்லை, பேய்க்கு இல்லை. தாலுகா ஆபீசில் இருக்கும் குத்தகைப் பதிவேட்டுக்கு. சாகுபடி செய்கிறவன் பேர் அதில் ஏறிவிட்டால் நிலத்துக்காரன் அவனை இறக்க முடியாது. வேறு யாருக்கும் சுலபத்தில் விற்கவும் முடியாது. அதனால்தான் அப்பா முருகையனுக்கு ஒருநாளும் ரசீது கொடுத்ததில்லை. அவர் மட்டுமில்லை, தஞ்சாவூர்ச் சீமையில் நிலம் வைத்திருந்தவர்கள் முக்கால்வாசிப் பேரும் அந்தப் பதிவேட்டுக்குப் பயந்தே கிழவரானார்கள்.

விடிந்ததும் மனு ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு முருகையன் வீட்டுக்குப் போனேன். ராசாத்தி முற்றம் பெருக்குவதை நிறுத்தவில்லை. தூசி என் மேல் வந்தது.

"கெளம்புங்க முருகையண்ணே, தாலுகா ஆபீஸ் போவணும். உங்க பேர குத்தகைதாரரா பதியணும்."

அவர் பயந்துவிட்டார். "வேணாம் அம்மா. எங்கப்பாரு இப்படித்தான் ஒரு பேப்பர்ல கைநாட்டு வச்சாரு. பதிவு பண்றோம்னுதான் ஐயா கூட்டிட்டுப் போனாரு. வந்து பாத்தா நெலத்த விட்டுக்குடுத்ததா எழுதியிருந்துச்சு. அதுலேர்ந்து நாங்க பேப்பரத் தொடுறதில்ல."

ஐயா என்றது என் அப்பாவை.

ராசாத்திதான் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "நீங்க படிச்சுக் காட்டுங்க. எழுத்துக்கூட்டி, முழுசா. அப்புறம் எம்மருமவ ஒரு தடவ படிப்பா. ரெண்டும் ஒண்ணா இருந்தா இவரு வருவாரு" என்றாள். அப்படியே செய்தோம். மருமகள் என் எழுத்தில் இரண்டு பிழை கண்டுபிடித்தாள்.

கிராம நிர்வாக அலுவலர் சாகுபடிச் சான்று தருவதற்கு இழுத்தார். அடங்கலில் என் நிலத்துக்கு நேரே சம்பா என்று அவர் கையாலேயே எழுதியிருப்பதைக் காட்டி, அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். பட்டுப்புடவையில். ஆமாம், பத்திரத்துக்கென்று அண்ணன் வாங்கிய புடவையைத்தான் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மத்தியானம் சான்று வந்தது. சாப்பாட்டுக்கு நேரமில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு பாய் கடையில் முருகையனும் நானும் ஆளுக்கு இரண்டு சமோசா தின்றோம். அவர் என் எதிரே நின்றுகொண்டு தின்றார். "உக்காருங்க, இல்லாட்டி நானும் நிப்பேன்" என்றேன். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

ஆபீசில் கண்ணாடிபோட்ட கிளார்க் மனுவைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆட்சேபணை மனு தனியாக் குடுக்கணும்மா."

"ஆட்சேபணை இல்லீங்க. சம்மதம்."

"யாரு சம்மதம்?"

"நான்தான். நெலத்துக்காரி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். "இங்க வாங்க சார். ஓனரே வந்து குத்தகைதாரரப் பதியச் சொல்றாங்க." பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்று கேட்டார். முருகையன் வெலவெலத்துப்போய், "ஐயயோ, அதெல்லாம் இல்லீங்க!" என்று கும்பிட்டார். நான் பையிலிருந்து ஒரு கோலா பொம்மையை எடுத்துக் கிளார்க்கின் மேஜையில் வைத்தேன். "இது என்னம்மா, கரடியா?" என்றார். "ஆமாம்" என்றேன். விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

அவர் குரலைத் தணித்து, நல்ல மனதோடுதான் சொன்னார்: "அம்மா, ஒரு தடவ இதுல ஏறிட்டா உங்களாலயே எடுக்க முடியாது. உங்க புள்ளங்களாலயும் முடியாது. நாளைக்கி நல்ல வெல வந்தாலும் எவனும் வாங்கமாட்டான். வெளிநாட்டுல இருக்கீங்க, சட்டம் தெரியாம எழுதிக் குடுத்துடாதீங்க."

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். எங்க போடணும்?"

அவர் விரலால் காட்டினார். போட்டேன். முருகையன், மருமகள் சொல்லிக் கொடுத்தபடி, கைநாட்டு இல்லை, பேரெழுதிக் கையெழுத்துப் போட்டார். நெடுநேரம் ஆயிற்று. தாசில்தார் விசாரித்து உத்தரவு போடவேண்டும். நிலத்துக்காரியே ஒப்புக்கொண்ட பிறகு என்ன விசாரணை என்று கிளார்க்கே சொன்னார்.

ரோட்டுக்கு என் நிலம் இல்லாமல் நாரை கார்டனுக்குள் ஒரு லாரிகூடப் போக முடியாது. அன்று சாயங்காலத்துக்குள் குணசேகரன் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டாராம். அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் விமானம் ஏறும்வரை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. அண்ணிதான், அவருக்குத் தெரியாமல், வறுத்த கருவாட்டைப் பொட்டலம் கட்டி என் பெட்டியில் வைத்தார். பிரிஸ்பேன் விமான நிலையத்தில் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தாலுகா ஆபீசிலிருந்து ஊர் திரும்பிய பஸ்ஸைப் பற்றி. முதல் நாள் வந்த அதே டிரைவர். நரைத்த மீசை. பஸ் ஏரிக்கரையில் ஏறியது. எதிரே ஒரு பைக். அவர் ஹாரனை அழுத்தினார். நீளமாக.

நான் எழுந்து முன்னால் ஓடினேன். "என்ன டிரைவரண்ணே, ஏரிக்கரை!"

"இனிமே எதுக்கும்மா? பறவைதான் போயிடுச்சே. ஆபீசர்களே வந்து எழுதிட்டாங்களாமே" என்றார். அவர் முகத்திலும் வருத்தம்தான். வருத்தத்தோடு இன்னொரு தரம் அடிக்கக் கையை வைத்தார்.

"போவல. அங்க பாருங்க. நடுவுல மூணு மரம், அதுல உக்காந்திருக்கு. குஞ்சு உள்ள கூட்டுக்கு மட்டும் திரும்பி வந்திருக்கு. கைய எடுங்க."

அவர் ஏரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எடுங்க" என்றேன், எங்கள் டெப்போவில் புது டிரைவருக்குச் சொல்கிற குரலில்.

கையை எடுத்தார். கியரை மாற்றி வண்டியை மெதுவாக்கினார். கரை முடிகிறவரை நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்தபடி நின்றேன்.